இவர்களை உனக்குத் தெரியுமா

"எனக்கு ஒரு நாற்காலி வேணும்," என்றாள் நாசூனா.

பெர்பெத்துவா அத்தையின் பல்லிடையே ஊக்குகள் இருந்தன. நாசூனா உடுத்தியிருந்த கோமேசி என்ற நீள அங்கியின் தோள்முனைகள் இரண்டும் கொம்புபோல நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக வைத்திருந்தவை. அத்தை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்ன கேட்டே?"

"நாற்காலி. முத்தத்துல. வர்றவங்க எல்லாரும் நாற்காலியில உட்கார்ந்துகிட்டு என்னைப் பத்திப் பேசுவாங்க. நான் மட்டும் பாயில முட்டி போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அத்தை மாதக்கணக்காகச் சொல்லி வந்திருந்தாள். அப்பாவின் அக்கா என்பதால் பெண்ணைத் தயார் செய்யும் பொறுப்பு முழுக்க அவளுடையது. கல்யாணத்துக்குப் பிறகு புருஷனிடம் உப்புக் கேட்கலாம், சோப்புக் கேட்கலாம், நல்ல மனநிலையில் இருந்தால் புதுக் கோமேசிகூடக் கேட்கலாம். ஆனால் அறிமுக நாளில், மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் வந்து உட்கார்ந்து பெண் கேட்கும் அந்த ஒரு நாளில், பெண் எதையும் கேட்கக் கூடாது. உட்கார இடம் கேட்கிறவளை எந்த வீடும் தாங்காது.

"வானத்து மகள் கதை மறந்துபோச்சா உனக்கு?" என்றாள் அத்தை.

மறக்க விட்டால்தானே. வானத்தின் மகள் முதல் மனிதனைக் கட்டிக்கொண்டு பூமிக்கு இறங்கினாள். யாரிடமும் சொல்லாமல் விடியுமுன் போய்விடுங்கள், எதை மறந்தாலும் திரும்பி வராதீர்கள் என்று அப்பன் சொல்லி அனுப்பினான். பாதி வழியில் கோழிக்குப் போடக் கேழ்வரகு இல்லையே என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்டாள். அவள் அண்ணன் பெயர் சாவு. அவன் விழித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். அன்றிலிருந்து மனிதர்கள் சாகிறார்கள், எல்லாம் ஒரு பெண் ஒரு பிடி தானியம் கேட்டதால். இந்தக் கதையை நாசூனா எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறாள். சாவை வீட்டுக்குள் சோறு போட்டு வளர்த்த அப்பனைப் பற்றி ஒரு வாய்கூட ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நாசூனா. கறுப்பு அங்கியோடு அவள் வந்து இறங்கிய அன்று அப்பா காப்பித் தோட்டத்து முன்பணத்தை எடுத்து ஊருக்கே விருந்து வைத்தார். அன்றும் நாற்காலிகளில் உட்கார்ந்தது விருந்தாளிகள்தான். பட்டம் வாங்கியவள் அங்கியை மடித்துவிட்டு முட்டி போட்டு எல்லோருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

அத்தை அந்த விஷயத்தை அதோடு முடித்துவிட்டாள். ஊக்குகளைக் குத்தினாள். தோள்முனைகள் நிமிர்ந்தன. நாசூனாவின் தலை மட்டும் குனிய மாட்டேன் என்றது. அத்தை அதையும் இரண்டு விரலால் அழுத்திக் குனிய வைத்தாள்.

"என்னையும் மத்தியா மாமாவையும் பாரு. முப்பது வருஷம். ஒரு நாள் நான் அவரைவிட உயரமா உட்கார்ந்ததில்லை. ஒரு நாள் சத்தம் வந்ததில்லை."

அது உண்மைதான். சொந்தத்தில் யாருக்குச் சண்டை வந்தாலும் அந்த இரண்டு பேரைத்தான் காட்டுவார்கள். அத்தை மாமாவுக்குத் தேநீர் கொடுத்தால் முட்டி போட்டுத்தான் கொடுப்பாள். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். அவர்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு நடந்து யாரும் கேட்டதில்லை.

நாசூனாவுக்குக் குலு நகரத்தில் வேலை காத்திருந்தது. கிணறு தோண்டும் திட்டத்தில் பொறியாளர் வேலை. திங்கட்கிழமை வந்து சேர்வதாகச் சொன்னால் அவளுக்கு, இல்லையென்றால் அடுத்தவருக்கு. லுத்தாயாவிடம், அதாவது இன்று பெண் கேட்டு வரப்போகிறவனிடம், இதைப் பலமுறை பேசிப் பார்த்தாள். நல்லவன். பல்கலைக்கழகத்தில் அவளுக்காகச் சாப்பாட்டு வரிசையில் இடம் பிடித்து வைத்தவன். "முடியட்டும், பார்க்கலாம்," என்பான். பரீட்சை முடியட்டும், மழைக்காலம் முடியட்டும், அறிமுகம் முடியட்டும். எது முடிந்தாலும் அவன் பார்க்கத் தொடங்கியதில்லை.

மழை பெய்து ஓய்ந்த மதியம். வாழைத்தோப்பிலிருந்து ஆவி எழுந்து முற்றத்துப் பந்தல்களின் வெள்ளைத் துணியோடு கலந்தது. எது துணி, எது மேகம் என்று தெரியவில்லை. சமையல் கொட்டகையில் இலைப் பொதிகளுக்குள் மட்டோக்கே வாழைக்காய் வேகும் வாசனை வீடு முழுவதையும் தூக்கத்தில் ஆழ்த்தியிருந்தது. அந்த மயக்கத்தின் நடுவே, சாலைத் திருப்பத்தில் நட்டிருந்த வாழைமர வளைவைத் தாண்டி, வேன்கள் சத்தமே இல்லாமல் மிதந்து வருவதை நாசூனா திரைச்சீலை இடுக்கில் பார்த்தாள்.

வந்தவர்கள் இறங்கினார்கள். ஆண்கள் வெள்ளை அங்கியும் மேலே கோட்டும். பெண்கள் பச்சைக் கோமேசி.

லுத்தாயா வீட்டுப் பெண்களுக்கு ஊதாத் துணி எடுத்ததே நாசூனாதான்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகமும் தெரியவில்லை. முதல் வரிசை நடுவில், கோட்டில் பூ குத்திய ஒருவன் மாப்பிள்ளைக்கான இடத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அவன் லுத்தாயா இல்லை. லுத்தாயாவின் ஜாடைகூட இல்லை.

"அத்தை, இது வேற ஆளுங்க."

எல்லாப் பெண்ணுக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றும், பயத்தில் கண் மங்கும் என்று அத்தை சொன்னாள். சொல்லிக்கொண்டே அவளும் இடுக்கில் கண்ணை வைத்தாள். இந்த வீட்டில் நாசூனாவைத் தவிர லுத்தாயாவை முன்பே பார்த்திருந்தது அவள் ஒருத்திதான். அப்பாகூடப் பார்க்கவில்லை, அறிமுகத்துக்கு முன் மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தால் அப்புறம் அறிமுகம் எதற்கு? அத்தை நெடுநேரம் பார்த்தாள். கழுத்து நரம்பு ஒன்று மட்டும் அசைந்தது.

"துணியை மாத்திட்டாங்க போல," என்றாள், திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டே.

"ஆளையுமா மாத்திட்டாங்க?"

அத்தை வெளியே போனாள், பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று பார்க்க.

நாசூனாவுக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. இதே மலையின் மேல் பக்கத்து வீட்டிலும் இன்று அறிமுகம். அங்கேயும் வாழைமர வளைவு. நேரம் தவறினால் அபராதம் போடுவார்கள் என்ற பயத்தில் இவர்கள் முதலில் கண்ட வளைவிலேயே நுழைந்துவிட்டார்கள். இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் மரியாதையாக எழுந்து மேலே போய்விடுவார்கள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான் அந்த ஊரில் முடியாத காரியம். ஏனென்றால் அறிமுகச் சடங்கின் முதல் பாகமே, வந்தவர்களைத் தெரியாதது போல நடிப்பது. பெண் வீட்டுப் பேச்சுக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் யார், எங்கே வந்தீர்கள், வழி தவறிவிட்டீர்களா என்று கேட்பார். வந்தவர்களின் பேச்சுக்காரர் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே கூலிக்கு வந்தவர்கள். யார் நன்றாகப் பேசினார் என்று ஊர் ஒரு வாரம் பேசும்.

நாசூனா தன் சித்தப்பா மகள் நபோசாவை அனுப்பினாள். இவர்கள் வேறு வீட்டுக்கு வந்தவர்கள் என்று நம் பேச்சுக்காரர் கிகுண்டுவின் காதில் போடு, அவ்வளவுதான். நபோசா போய் முட்டி போட்டு அவர் காதில் போட்டாள். கிகுண்டுவின் முகம் மலர்ந்தது. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு நல்ல வரியை யாரும் அவருக்கு எடுத்துக் கொடுத்ததில்லை.

"உள்ளேயிருந்து சேதி வந்திருக்கு," என்றார் ஒலிவாங்கியில். "இவங்க வேற வீட்டுக்கு வந்தவங்களாம். நம்ம வீடு இல்லையாம். எழுந்து போகச் சொல்லலாமா?"

பந்தல் சிரித்தது. மத்தளக்காரர் இரண்டு தட்டு தட்டினார். வந்தவர்களின் பேச்சுக்காரர் வலுசிம்பி, மெலிந்து உயர்ந்த மனிதர், நிதானமாக எழுந்தார்.

"ஐயா, வீடு தப்பா இருக்கலாம். ஆனா அந்த மட்டோக்கே வாசனை எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு."

இதற்கு விழுந்த கைதட்டலில் வாழைத்தோப்புக் கொக்குகள் பறந்து போயின. வீடு தப்பு என்று ஒத்துக்கொண்டதற்காக அவர்களுக்கு ஒரு ஆடு அபராதம் போட்டார் கிகுண்டு. ஆடு வந்தது. பச்சைக் கோமேசிக் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், நம்ம பெண் வீட்டில் பலாமரம் இருக்கும் என்றார்களே என்று கேட்டாள். அபராதம் கூடும், வாயை மூடு என்று அவளை அடக்கிவிட்டார்கள்.

கனவில் கத்தினால் இப்படித்தான் இருக்கும். தொண்டை கிழியும். எதிரே இருப்பவன் புன்னகையோடு தலையாட்டுவான்.

நாசூனாவின் கைப்பேசியை அத்தை முந்தின நாளே வாங்கி வைத்துவிட்டாள். நபோசாவுடையதை வாங்கி நாசூனா லுத்தாயாவை அழைத்தாள். வெகு நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"எங்கே இருக்கே?"

"உங்க வீட்டுலதான்," என்று கிசுகிசுத்தான். "நீ எப்போ வெளியே வருவே? இங்கே வேற வேற பொண்ணுங்களா வந்து முட்டி போடுறாங்க."

"நீ எங்க வீட்டுல இல்ல. மேல் வீட்டுல இருக்கே. எங்க முத்தத்துல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

கைப்பேசியில் ஒரு மத்தளம் கேட்டது. அதே மத்தளம், ஒரு மூச்சு தாமதமாக, சன்னல் வழியே மலை மேலிருந்தும் கேட்டது.

"வாசல்ல ஒருத்தர், இந்த வீட்டு விருந்தாளிங்க ஏற்கெனவே வந்தாச்சு, நீங்க மேல் வீட்டுக்காரங்களா இருக்கும்னு அனுப்பிட்டாரு," என்றான். "நானும் பார்த்தேன். முத்தத்துல பலாமரம் இருக்குன்னு நீ சொல்லவே இல்லையேன்னு."

"எழுந்து நின்னு சொல்லு."

"மாப்பிள்ளை பேசக் கூடாதும்மா. உனக்குத் தெரியாததா? இப்போ எழுந்தா அவங்களுக்கு அவமானம். எங்க பெரியப்பாவுக்கு அவமானம். பசு மாட்டை வேற இறக்கிட்டாங்க. முடியட்டும், நாசூனா. முடிஞ்சதும் பார்த்துக்கலாம்."

"முடிஞ்சா உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். யாரோடவோ."

"அதுவரைக்கும் கொஞ்சம் பொறுமையா இரேன்," என்றான் லுத்தாயா. அவன் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் அவளை எரித்தது. யாரோ அவனை அதட்டும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

நாசூனா கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மனப்பாடமாக இருந்த இன்னொரு எண்ணை அழுத்தினாள். குலுவில் ஒரு பெண் எடுத்தாள். திங்கட்கிழமை காலையில் வருகிறேன் என்றாள் நாசூனா. மழைக்காலணி கொண்டு வா, இங்கே சேறு அதிகம் என்றாள் அந்தப் பெண். அவ்வளவு சீக்கிரம் முடிகிற பேச்சு அது. இத்தனை மாதம் அது தொண்டையில் கிடந்தது.

நபோசா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அப்போ இப்பவே பின்பக்கமா ஓடிடு. கொட்டகை வழியா போனா யாருக்கும் தெரியாது."

நாசூனா யோசித்தாள். விடியுமுன் சத்தமில்லாமல் போ என்றுதான் வானத்து மகளுக்கும் சொன்னார்கள். சத்தமில்லாமல் போனவளின் கதையை மற்றவர்கள்தான் சொல்வார்கள், அவரவர் வசதிக்கு.

"முன்பக்கமா போறேன். கேப்பாங்க இல்ல, இவங்களைத் தெரியுமான்னு? பதில் சொல்லிட்டுப் போறேன்."

அவளை அழைத்துப் போனார்கள். இரண்டு பக்கமும் தோழிகள், முன்னால் மத்தளம். ஈரப் புல்லில் கால் வைத்தபோது பூமி கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் பாயில் முட்டி போட்டாள். முதல் வரிசையில் பூ குத்தியவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறுவதை அவள் கண்டாள். தனக்குப் பேசியவள் இவள் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாய் கொஞ்சம் திறந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் அவன் தொடையில் கை வைத்தார். வாய் மூடிக்கொண்டது.

கிகுண்டு குரலைத் தேனாக்கிக்கொண்டார். "மகளே, இங்கே வந்திருக்கிறவங்களை உனக்குத் தெரியுமா?"

தெரியும் ஐயா, நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லாப் பெண்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியாது," என்றாள் நாசூனா.

பந்தல் மூச்சை இழுத்தது. பிறகு மெல்ல, வெயில் வருவதுபோல, எல்லா முகத்திலும் சிரிப்புப் பரவியது. கெட்டிக்காரப் பெண். கூச்சம் காட்டி விலையை ஏற்றுகிறாள். பெண்ணின் கண்ணைத் திறக்க வழி செய்யுங்கள் என்று கிகுண்டு விருந்தாளிகளைப் பார்த்துக் கையை விரித்தார். பச்சைக் கோமேசிகள் எழுந்து ஓடின. தலையில் கூடைகளோடு வந்தன. சர்க்கரை, சோப்பு, மண்ணெண்ணெய், சோடாப் பெட்டிகள்.

"இப்போ தெரியுதா, மகளே?"

"நிஜமாவே தெரியாது ஐயா. இவங்களை நான் பார்த்ததே இல்ல."

ஒரு சோபா வந்தது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். மழைக்குப் பிந்தைய அந்த மங்கல் வெளிச்சத்தில் சிவப்பு வெல்வெட் சோபா ஒன்று தோப்பிலிருந்து நடந்து வருவது போல இருந்தது. படிச்ச பொண்ணு, எப்படிக் கறக்குறா பாரு என்று அவள் காது படவே பெரியம்மா ஒருத்தி சொன்னாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று முதன்முறையாக அவருக்கு முழுசாகத் தோன்றியது அப்போதுதான்.

மூன்றாம் முறையும் அவள் தெரியாது என்றாள். பசு வந்தது.

நாசூனாவுக்கு விளங்கியது. அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பெரிதாகிக்கொண்டே போகும். இனி இந்தச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல எந்த வாயும் திறக்காது. வலுசிம்பி எழுந்து, ஐயா, இனி வேனோட சக்கரம்தான் மிச்சம், அதுவும் வேணுமா என்று கேட்டார். பந்தல் குலுங்கியது. இதற்கு மேல் நீட்டினால் மரியாதை இல்லை என்று கிகுண்டுவே முடிவு செய்தார்.

"பெண்ணுக்குத் தெரியலைன்னா பெண்ணோட அத்தைக்குத் தெரியும். அத்தை வரட்டும். மாப்பிள்ளையைத் தொட்டுக் காட்டட்டும்."

பெர்பெத்துவா அத்தை மாலையோடு வந்தாள். ஊரின் கண் முழுவதும் அவள் மேல். மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாத அத்தை என்று ஒருத்தி இந்த மலையில் இருந்ததில்லை. இனி இருக்கவும் முடியாது. அதற்குள் வெட்கத்தில் செத்துவிடுவாள். அவள் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள், தூக்கத்தில் நடப்பவளைப் போல. பூ குத்தியவனைத் தாண்டும்போது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டான். அத்தையின் கால் தயங்கியது.

அப்போது ஒரு தேனீ வந்தது.

வானத்து மகளின் கதையில், அவள் அப்பன் முதல் மனிதனைச் சோதிப்பான். ஒரே மாதிரி மாடுகள் நிறைந்த மந்தையில் உன் மாட்டைக் காட்டு என்பான். ஒரு தேனீ பறந்து போய்ச் சரியான மாட்டின் கொம்பில் உட்காரும். அந்தக் கதை தெரியாத குழந்தைகூட அந்தப் பந்தலில் இல்லை. தேனீ ஒரு சுற்றுச் சுற்றியது. அத்தனை தலைகளும் அதோடு சேர்ந்து சுற்றின. கடைசி வரிசையில், பந்தல் கம்பத்தில் சாய்ந்து, ஆரஞ்சு சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு தடித்த மனிதரின் பாட்டில் வாயில் அது உட்கார்ந்தது.

அத்தை நேராகப் போய் அவர் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

அத்தைமார் முதலில் விளையாட்டுக்குத் தவறான ஆளைக் காட்டுவது உண்டுதான். அதனால் விருந்தாளிகள் சிரித்தபடி இன்னொரு தடவைக்குக் காத்திருந்தார்கள். ஆனால் அத்தை மாலையைத் திரும்ப எடுக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. பெண் வீட்டு அத்தை காட்டியதை மறுத்தால் என்ன அபராதமோ என்று வலுசிம்பி கணக்குப் போட்டார். கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. அவர் கையைத் தட்டத் தொடங்கினார். முதல் வரிசையில் பூ குத்தியவன் கண்ணைத் திறந்து, தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

"ஐயா, நான் டிரைவர்," என்றார் தடித்த மனிதர். அவர் பெயர் முகேர்வா. "வேன் ஓட்டிட்டு வந்தேன். சாப்பாடு போடுவாங்கன்னு உட்கார்ந்தேன்."

"கேட்டீங்களா?" என்றார் கிகுண்டு. "இந்தக் குடும்பத்தை ஓட்டப் போறவர், இப்பவே ஓட்டத்தைப் பத்தித்தான் பேசுறார்."

"எனக்கு வீட்டுல ஒருத்தி இருக்கா ஐயா. பிள்ளைங்க இருக்கு."

"நம்ம வீட்டுப் பொண்ணைப் பார்த்ததும் 'வீட்டுல ஒருத்தி'ன்னு உரிமையா சொல்றார். பிள்ளைங்க வரைக்கும் போயிட்டார். என்ன வேகம்."

முகேர்வாவைத் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் அவருக்குக் கோட்டு மாட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். நாசூனா தன் கண்ணாலேயே பார்த்தாள், அந்த மனிதரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. வயிறு உள்ளே போனது. முகத்தில் ஒரு வெட்கமும் ஒரு பெருமையும் வந்து உட்கார்ந்தன. மாப்பிள்ளை எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் அப்படித்தான் நிற்பார்கள்.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. பாயில் தன் முட்டி எவ்வளவு வாகாக மடிந்திருக்கிறது என்று கவனித்தாள். தலை எப்போது குனிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

நாசூனா எழுந்தாள். கிகுண்டுவின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள். பிடுங்கவில்லை, அவர் கொடுத்துவிட்டார், இன்னொரு நல்ல வரி வரும் என்ற ஆசையில்.

"இவங்க மேல் வீட்டுக்கு வந்தவங்க. எனக்குப் பேசினவன் அங்கே உட்கார்ந்திருக்கான், வாயைத் திறக்காம. இவர் வேன் டிரைவர். எனக்குக் குலுவுல வேலை இருக்கு. நான் போறேன்."

பந்தல் எழுந்து நின்றது. இப்படி ஒரு அறிமுகத்தை அந்த மலை கண்டதில்லை. மத்தளம் முழங்கியது. கோபித்துக்கொண்டு போகும் பெண்ணைக் கெஞ்சி அழைக்கிற பாட்டைப் பெண்கள் தொடங்கினார்கள். பச்சைக் கோமேசிகளும் சேர்ந்து பாடின. வலுசிம்பி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, இந்தப் பெண்ணுக்குப் பசு குறைச்சல்தான் என்றார்.

கை தட்டாதவள் அத்தை மட்டும்தான். அவள் நாசூனாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"உட்காரு," என்றாள் மெதுவாக.

"அத்தை, அவன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். சன்னல்ல பார்த்தப்பவே தெரியும்."

"தெரியும்."

"பின்னே?"

"பழகிடும்," என்றாள் அத்தை. மிரட்டலாகச் சொல்லவில்லை. தலைவலிக்கு மருந்து சொல்வதுபோலச் சொன்னாள்.

நாசூனா கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். சோபாவைத் தாண்டி, ஆட்டைத் தாண்டி, சோடாப் பெட்டிகளைத் தாண்டி. அப்பாவின் எதிரே ஒரு நொடி நின்றாள். அவர் பெருமையில் சிரித்துக்கொண்டு, போ, போ, அவங்க வந்து கெஞ்சட்டும் என்று கையால் சைகை காட்டினார். அவரிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நாளைக்குக் கைப்பேசியில் சொல்லிக்கொள்ளலாம், நடிப்பு முடிந்த பிறகு. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பாட்டு அவள் பின்னால் மெல்ல அலையடித்தது. ஈர மண், வாழை இலைகளின் சொட்டு, மேலே கலையாத ஆவி. கால் தயங்காமல் நகர்ந்தது.

வாசலில் மத்தியா மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் அவருக்கு ஆகாது. எந்த விசேஷத்திலும் வாசலோடு நின்றுவிடுவார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். தடுப்பார் என்று நினைத்து அவள் தோளை விறைத்தாள். அவர் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தார்.

"யாரை மாப்பிள்ளைன்னு காட்டினா உங்க அத்தை?"

"டிரைவரை," என்றாள் நாசூனா, நிற்காமல்.

அவள் சாலையில் கால் வைத்துவிட்டாள். கீழே, வளைவுக்கு அப்பால், கம்பாலா போகும் வேன் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடமாக நன்றி தவிர வேறு எதையும் சொல்லாத அந்தக் குரல் பின்னால் கேட்டது, அவளிடம் சொல்வது போலவும் இல்லை, யாரிடமும் சொல்வது போலவும் இல்லை.

"உங்க அத்தைக்கு என்னைக் காட்டின அன்னைக்கு, நானும் வேன் ஓட்டிட்டு வந்தவன்தான்."